ஒரு பொருளுக்கு ஒரு புத்தகமா, இரண்டா?

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு வெளிநாட்டில் இருக்கிற ஊரவர்கள் புத்தகம் வாங்கவென்று காசு அனுப்பியிருக்கிறார்கள். கதையும் கவிதையும் அலுமாரியில் ஏற்கெனவே இருக்கின்றன, இந்தமுறை அறிவு நூல்களாக வாங்குங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நிர்வாகசபை ஊரில் வாசிப்புப் பழக்கம் உள்ளவர்களிடம் பரிந்துரை கேட்டது. வந்த பட்டியலில் ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தமே இல்லை. யாழ்ப்பாணச் சரித்திரம், இரசாயனம் இல்லாத விவசாயம், பிரபஞ்சத்தின் தோற்றம், குமாயுன் மலைப் புலிகள், பழந்தமிழிசை, போர்க்காலச் சாட்சியம், உளநலம், ஏடு தேடி அலைந்தவரின் தன்வரலாறு. எல்லாவற்றையும் வாங்கக் காசு காணாது.

நிர்வாகசபையில் இப்போது இரண்டு கருத்து. ஒரு பகுதியினர் பொருளுக்கு ஒன்றாகப் பரவலாக வாங்குவோம் என்கிறார்கள். ஓய்வுபெற்ற கணித மாஸ்ரர் ஒருவர் அதை உறுதியாகச் சொன்னார்: "ஆருக்கு எதில விருப்பம் வருமெண்டு எங்களுக்குத் தெரியாது. பத்துக் கதவைத் திறந்து வைப்பம். பிள்ளையள் தங்களுக்குப் பிடிச்ச கதவால போகட்டும்." மற்றப் பகுதியினர், பொருள்களைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்றையொன்று கேள்வி கேட்கிற இரண்டு நூல்களை வாங்குவோம் என்கிறோம். நான் இரண்டாம் பகுதி. ஏன் என்பதைப் பரிந்துரைக்கப்பட்ட நூல்களை வைத்தே சொல்கிறேன். இதே கேள்வி மற்ற ஊர் வாசிகசாலைகளுக்கும், வீட்டில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குகிறவர்களுக்கும் வரக்கூடியதுதான்.

மாஸ்ரரின் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் நிலையத்துக்குக் காலையில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் உதயன், வலம்புரிப் பத்திரிகைகளைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களில் ஒருவர் மேசையைவிட்டு எழும்பி அலுமாரிப் பக்கம் போகவேண்டுமென்றால், அவருடைய தொழிலுக்கோ விருப்பத்துக்கோ நெருக்கமான ஒன்று கண்ணில் பட வேண்டும். பரவலாக வாங்கினால் அந்த வாய்ப்புக் கூடும். ஆனால் கதை நூலுக்கும் அறிவு நூலுக்கும் இடையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கதையை நம்பி வாசித்தால் நட்டமில்லை. அறிவு நூல் இது உண்மை என்று சொல்கிறது. ஒரு பொருளில் ஒரேயொரு நூல் மட்டும் அலுமாரியில் இருந்தால், அந்த ஊருக்கு அந்த நூல்தான் உண்மை ஆகிவிடுகிறது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால் வாசிக்கிறவர், "இவருக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்கத் தொடங்குவார். அந்தக் கேள்வியைப் பழக்குவதற்குத்தான் வாசிகசாலை வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

காசைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் அச்சாகும் நூல்களின் பின்னட்டையில் இந்திய விலை இருக்கும். கடையில் அதன்மேல் இலங்கை விலை ஒட்டியிருப்பார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயளவில் இருந்து 350ஐத் தாண்டியபோது அந்த ஒட்டுத்துண்டின் எண்ணும் ஏறியது, பழைய நிலைக்கு அது இறங்கவேயில்லை. ஆகவே "எதற்கும் ஒன்று கிடக்கட்டும்" என்று வாங்குகிற காலம் போய்விட்டது. வாங்குகிற ஒவ்வொன்றும் வாசிக்கப்பட வேண்டும்.

முதலில் சரித்திரம். இதற்குத்தான் கூடுதலானோர் பரிந்துரை தந்திருந்தார்கள். அதில் பாதிப்பேர் சொன்னது யாழ்ப்பாண வைபவமாலை. ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதியது. எங்கள் ஊர்களில் பெரியவர்கள் சொல்கிற பழங்கதைகளில் கணிசமானவை ஏதோ ஒரு வழியில் இந்த நூலுக்குத்தான் போய்ச் சேரும். யாழ் வாசித்துப் பரிசாக மணற்றிடரை (யாழ்ப்பாணத்தின் பழம்பெயர்) பெற்ற குருட்டுப் பாணன், நல்லூர் இராசதானி, காக்கை வன்னியனின் துரோகம் எல்லாம் இதில் உண்டு. சின்ன நூல், வாசிக்கவும் சுவையானது. ஆனால் தனியாக வாங்கி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சங்கிலியன் கதை ஒன்றே போதும்.

நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளோடு சிலையாக இருக்கும் மன்னன் சங்கிலியனைத் தெரியாத யாழ்ப்பாணத்தார் இல்லை. 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவரானவர்களைக் கொல்வித்தவனும் சங்கிலி. 1619இல் போர்த்துக்கேயரிடம் இராச்சியத்தை இழந்தவனும் சங்கிலி. இடையில் எழுபத்தைந்து வருடம். வைபவமாலையில் இந்த இருவரும் ஒரே ஆளாகி விடுகிறார்கள். போர்த்துக்கேயர் எழுதிவைத்தவற்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஆட்கள் இரண்டு என்பது தெளிவாகும். அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர். அவருடைய யாழ்ப்பாண வைபவ விமர்சனம் 1928இல் வந்தது. பெயரே சொல்வதுபோல, வைபவமாலையின் கூற்றுகளை எடுத்து ஒவ்வொன்றாக விசாரிக்கிற நூல். அவருடைய முடிவுகளில் சிலவற்றைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்கவில்லை, அது வேறு விடயம். ஒரு ஊர்ப்பிள்ளை வைபவமாலையை வாசித்துவிட்டு இதையும் வாசித்தால், சரித்திரம் என்றால் யாரோ எழுதிவைத்ததை மனப்பாடம் செய்வது என்ற எண்ணம் போய்விடும்.

இந்தச் சோடிக்கு மேலே மூன்றாவதாக ஒன்றை நான் வைப்பேன், பேராசிரியர் கா. இந்திரபாலாவின் இலங்கையில் தமிழர். தமிழில் 2006இல் வந்தது. கி.மு. 300 முதல் கி.பி. 1200 வரையான காலத்தை எடுத்து, இலங்கையில் தமிழர் என்ற இனக்குழு எப்படி உருவானது என்று ஆராய்கிறார். இந்த நூலை நான் விரும்புவதற்கு அதன் முடிவுகள் மட்டும் காரணம் இல்லை. 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் தமிழர் குடியேற்றங்கள் பற்றித்தான் இவர் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். அந்த ஆய்வை வைத்துப் பலர் பல வாதம் செய்தார்கள். நாற்பது வருடம் கழித்துப் புதிய தொல்லியற் சான்றுகளைப் பார்த்தபின், அன்றைய தன் கருத்துகளில் பலவற்றை இவரே மாற்றிக்கொண்டு இந்த நூலை எழுதினார். வரலாற்றைத் தவறாக விளக்கியதன் விளைவாக உயிரிழந்த அப்பாவிகளுக்கு அதைக் காணிக்கை ஆக்கியும் இருக்கிறார். சான்று மாறினால் முடிவை மாற்றுகிற துணிவை எங்கள் பிள்ளைகள் ஒரு பெரிய அறிஞரிடம் கண்ணால் காண வேண்டும். நடை கொஞ்சம் கனமானது, ஏ.எல். (உயர்தரம்) முடித்தவர்களுக்கும் மேலே உள்ளவர்களுக்கும்தான் சரிவரும். இருந்தாலும் இந்த மூன்றும் ஒரே தட்டில் இருக்க வேண்டும்.

மாஸ்ரர் இதைக் கேட்டுவிட்டு, "மூண்டு சரித்திரப் புத்தகம் வாங்கினால் விவசாயத்துக்கு ஆர் காசு தாறது?" என்றார். நியாயமான கேள்வி. வைபவமாலையும் ஞானப்பிரகாசரின் விமர்சனமும் நூலகம் என்ற இணைய எண்ணிம நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2005இல் தொடங்கிய முயற்சி அது. ஈழத்துப் பழைய நூல்களைப் பொறுத்தவரை அதைப்போல வேறொன்று இல்லை. ஆகவே அந்த இரண்டையும் பழைய பதிப்பாகக் கிடைத்தால் வாங்கலாம், கிடைக்காவிட்டால் நிலையத்துக் கணினியில் இறக்கி வைக்கலாம். காசு கொடுத்து வாங்கவேண்டியது இந்திரபாலாவை மட்டும்.

விவசாயத்துக்கு வருவோம். எங்கள் ஊரில் பாதிப்பேர் தோட்டக்காரர் என்பதால் இது வெறும் வாசிப்பு விடயம் இல்லை. தோட்டம் செய்கிற ஒரு தம்பி பரிந்துரைத்தது மசானபு ஃபுகுவோகாவின் ஒற்றை வைக்கோல் புரட்சி. ஜப்பானில் 1975இல் வந்தது. பயிர்நோய் படித்து, துறைமுகச் சுங்கத்தில் தாவரப் பரிசோதகராக வேலை செய்த மனிதர் அதை விட்டுவிட்டுச் சிகோக்குத் தீவில் தன் தகப்பனின் காணிக்குப் போய் விவசாயம் செய்த கதை. உழவேண்டாம், உரம் போடவேண்டாம், களை பிடுங்கவேண்டாம், மருந்து அடிக்கவேண்டாம் என்பது அவர் வந்துசேர்ந்த நான்கு கொள்கை. நெல் வெட்ட முதலே பார்லியை விதைத்துவிட்டு, அறுத்த வைக்கோலைத் திரும்ப வயலிலேயே பரப்பி விடுகிறார். நூல் நெடுக ஒரு அமைதி இருக்கிறது. வாசித்தவுடன் காணியில் இறங்கவேண்டும் போல வரும்.

அந்த அமைதிதான் எனக்குப் பயமும் தருகிறது. சிகோக்குவில் மழைக்குக் குறைவில்லை. எங்களுக்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிறதோடு சரி. ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் சேர்ந்து கிடக்கிற நீரைக் கிணற்றால் எடுத்துத்தான் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும். அங்கே சரிவந்தது இங்கே அப்படியே சரிவரும் என்று யாராவது நம்பித் தோட்டத்தைக் கொடுத்தால், ஒரு போகம் போய்விடும். ஒரு போகம் போனால் என்ன ஆகும் என்று 2021இல் இந்த நாடு முழுவதும் பார்த்தது. அந்த வருடம் மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிற்பாட்டினார்கள். விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். நல்ல எண்ணத்தை மண்ணோடும் மழையோடும் ஒத்துப் பார்க்காமல் நடைமுறைப்படுத்தினால் சாப்பாட்டில் கைவைக்கும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டாம்.

ஆகவே ஃபுகுவோகாவுக்குப் பக்கத்தில் ரேச்சல் கார்சனின் மௌன வசந்தத்தை வைக்க வேண்டும். 1962இல் அமெரிக்காவில் வந்தது, தமிழிலும் இருக்கிறது. கார்சன் ஒரு கடல் உயிரியலாளர். டி.டி.ரி. போன்ற பூச்சிகொல்லிகள் மண்ணிலும் நீரிலும் உயிர்களின் உடம்பிலும் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்று ஒவ்வொரு கண்ணியாகக் காட்டினார். ஒரு இடம் என் மனதைவிட்டு அகலாது. மிச்சிகனில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களுக்கு நோய் வராமல் இருக்க மருந்தடிக்கிறார்கள். மருந்து இலையில் படிகிறது. இலை உதிர்கிறது. உதிர்ந்த இலையை மண்புழு தின்கிறது. தப்பிப் பிழைக்கிற புழுக்களின் உடம்பில் மருந்து சேர்கிறது. அடுத்த வசந்தத்தில் வரும் ராபின் பறவைகள் அந்தப் புழுக்களைத் தின்று செத்து விழுகின்றன. மருந்தடித்தவர்கள் பறவையைக் குறிவைக்கவே இல்லை. செங்காரித் தோட்ட மண்ணில் மண்புழு கிடக்கிறதா என்று பார்க்கிற ஒவ்வொருவரும் இந்தப் பகுதியை வாசிக்க வேண்டும்.

இரண்டும் ஒரே கட்சி நூல்கள் மாதிரித் தோன்றும். வாசித்தால் வேறுபாடு தெரியும். ஃபுகுவோகா தன் காணியில் தான் கண்டதைச் சொல்கிறார், அளந்து காட்டுவதில் அவருக்கு அக்கறை குறைவு, விஞ்ஞானத்தின் மீதே அவருக்கு ஐயம். கார்சன் விஞ்ஞானத்துக்குள்ளே நின்று, மற்றவர்களின் ஆய்வுகளை எடுத்துவைத்து வழக்காடுகிறார். இரசாயனத்தை முழுதாக விடச் சொல்லவும் இல்லை, கண்மண் தெரியாமல் அடிப்பதைத்தான் எதிர்த்தார். எங்கள் பிரச்சினைக்குக் கார்சனின் முறைதான் உதவும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்கிற லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல வருடமாகச் சொல்லி வருகின்றன. தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சிப் போட்ட யூரியாவும், பக்கத்து மலசலகூடக் குழியும் சேர்ந்து செய்கிற வேலை அது. செம்மண்ணால் இறங்கி, வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக் கல்லால் நேரே கிணற்றுக்குப் போய்விடுகிறது. கார்சன் நைத்திரேற்றைப் பற்றி எழுதவில்லை. ஆனால் போட்டது எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்கிற கண்ணை அந்த நூல் தரும். இந்தச் சோடிக்கு நான் முதலிடம் கொடுப்பேன், சரித்திரத்துக்கும் மேலே.

அடுத்தது சொல்லக் கடினமானது. ஆசுபத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அக்கா போர்க்காலச் சாட்சிய நூலான முறிந்த பனையைப் பரிந்துரைத்தார். அதைச் சொன்னபோது கூட்டத்தில் கொஞ்சநேரம் ஒருவரும் கதைக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜினி திராணகம, ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கோ. ஸ்ரீதரன் ஆகிய நால்வர் எழுதியது. 1990இல் ஆங்கில நூலாக வந்தபோது ஆசிரியர்களில் ஒருவரான ராஜினி உயிரோடு இல்லை. உடற்கூற்றியல் துறையின் தலைவராக இருந்த அவர் 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். அரசு, இந்திய அமைதிப்படை, ஆயுத இயக்கங்கள் என்று ஒருவரையும் விட்டுவைக்காத நூல் அது. 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்துக்குள் வந்தபோது சனங்கள் பட்டதை, நடந்த காலத்துக்குப் பக்கத்திலேயே இருந்து சேகரித்துப் பதிந்திருக்கிறார்கள்.

"உதை அலுமாரியில வைச்சால் தேவையில்லாத கதை வரும்" என்று ஒருவர் சொன்னார். வரும்தான். அதற்காக வாங்காமல் விடக்கூடாது என்பது என் கருத்து. ஆனால் அதைத் தனியாக வைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அரசியல் முடிவுகளில் அந்த நூலோடு முரண்படுகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுடைய இழப்பும் பெரியது. இந்த நூலுக்கு எதிர்வாதம் செய்கிற நூலைத் தேடி வைப்பதைவிட, நால்வரில் ஒருவரான உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் மனவடுவை அதன் பக்கத்தில் வைக்கலாம். போர் மனங்களில் விட்டுப்போனதை அடையாளம் காணவும், கிராமத்தில் வேலை செய்கிறவர்கள் அதற்கு உதவவும் தமிழில் எழுதப்பட்ட நூல். முதலாவது, என்ன நடந்தது, யார் பொறுப்பு என்று கேட்கிறது. இரண்டாவது, அதற்குப்பிறகு நித்திரை கொள்ளாதவருக்கு என்ன செய்வது என்று கேட்கிறது. எங்கள் ஊருக்கு இரண்டு கேள்வியும் வேண்டும். இரண்டாவது கேள்வியை மட்டும் கேட்க விரும்புகிற குடும்பங்களுக்கு அந்த நூலை மட்டும் கொடுக்கலாம். முறிந்த பனையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுப்பதில்லை, பெரியவர்களுக்குத் தடை இல்லை என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டால் போதும்.

தன்வரலாறு என்றதும் உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரத்தைத் தமிழ் ரீச்சர் ஒருவர் சொன்னார். ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்தது, அவர் 1942இல் மறைந்த பிறகு 1950இல் நூலானது. படிக்க வசதியில்லாத பிள்ளை வித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் போய்ச் சேர்ந்ததும், கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் "சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்ற பொருளில் கேட்ட ஒரு கேள்வி அவருடைய வாழ்க்கையையே திருப்பியதும் யார் வாசித்தாலும் பிடிக்கும். தடித்த நூல், ஆனால் அத்தியாயங்கள் சின்னன், தினம் ஒன்றாக வாசிக்கலாம்.

இதற்கும் சோடி உண்டு என்பதில்தான் எனக்குப் பெரிய சந்தோசம், அதுவும் எங்கள் மண்ணில் இருந்து. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவர், சாமிநாதையருக்கு முன்னாலேயே பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கத் தொடங்கியவர். 1887இல் சாமிநாதையரின் சீவக சிந்தாமணி வந்தது, அதே ஆண்டில்தான் தாமோதரம்பிள்ளையின் கலித்தொகையும் வந்தது. சிந்தாமணியைத் தானே பதிப்பிக்க விரும்பித் தாமோதரம்பிள்ளை தன்னிடம் பிரதி கேட்டதையும், அதனால் தான் பட்ட சங்கடத்தையும் சாமிநாதையர் என் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அது ஒரு பக்கத்துக் கதை. மற்றவர் தன்வரலாறு எழுதவில்லை. ஆனால் அவருடைய பதிப்புரைகளைத் தொகுத்துத் தாமோதரம் என்ற பெயரில் நூல் வந்திருக்கிறது. அதில் பழைய ஏடுகள் இருந்த நிலையை அவர் சொல்கிற இடத்தை வாசியுங்கள். எடுக்கும்போதே ஓரம் கொட்டுகிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது, ஒரு ஏட்டைப் புரட்டினால் துண்டு துண்டாகப் பறக்கிறது என்கிறார். எழுத்திருந்த இடத்தைப் பூச்சி உழுதுவிட்டது. இன்னும் கொஞ்சக் காலம் போனால் தமிழில் எது எஞ்சும் என்ற பதைப்பு அந்த உரைநடையில் அப்படியே இருக்கிறது. சாமிநாதையர் காட்டுகிற தாமோதரம்பிள்ளையும், இந்தப் பக்கங்களில் தானே பேசுகிற தாமோதரம்பிள்ளையும் வேறு வேறு ஆட்கள் மாதிரித் தெரிவார்கள். இரண்டையும் வாசித்துவிட்டு யார்மேலும் கோபம் வராது, இருவர்மேலும் மதிப்புத்தான் கூடும்.

பண்பாட்டுக்குத் தொ. பரமசிவனின் அறியப்படாத தமிழகம் பரிந்துரையில் இருந்தது. உப்பு, உணவு, உடை, தாலி என்று கண்முன்னால் கிடக்கிறவற்றை எடுத்து அவற்றுக்குப் பின்னால் உள்ள சமூகத்தைக் காட்டுகிற சின்னக் கட்டுரைகள். மெலிந்த நூல், விலையும் தாங்கலாம். ஆனால் அது தமிழகம். கா. சிவத்தம்பியின் யாழ்ப்பாணம்: சமூகம், பண்பாடு, கருத்துநிலை பக்கத்தில் இருந்தால்தான், அங்கே கேட்ட கேள்வியை இங்கே எங்கள் வீட்டுக்குள் கேட்கத் துணிவு வரும். சாதி பற்றி மேடையில் கதைக்காத ஊர்களில் அந்தக் கேள்வி அச்சிலாவது இருக்கட்டும்.

விஞ்ஞானம் என்ற தலைப்பில் வந்தவை இரண்டு. யுவால் நோவா ஹராரியின் சேப்பியன்ஸும் ஸ்டீபன் ஹோக்கிங்கின் காலம் பற்றிய நூலும். இரண்டும் தமிழில் உண்டு. சேப்பியன்ஸ் சறுக்கிக்கொண்டு போகும், மனித இனத்தின் எழுபதினாயிரம் வருடத்தை ஒரே மூச்சில் சொல்கிறது. அந்த வேகம்தான் எனக்கு இடைஞ்சல். இந்த முடிவுக்கு எந்த எலும்பில் இருந்து, எந்தக் கல்லில் இருந்து வந்தார் என்று நின்று பார்க்க வாசகருக்கு இடம் கிடைப்பதில்லை. 1988இல் வந்த ஹோக்கிங்கின் நூலில் ஒரேயொரு சமன்பாடுதான், ஆனாலும் பாதிவழியில் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினாலும் அவர் எதை அறிவோம், எதை ஊகிக்கிறோம் என்று பிரித்துச் சொல்கிறார். ஒன்றுதான் என்றால் ஹோக்கிங். பௌதிகம் படிப்பிக்கிற யாராவது மாதம் ஒரு மாலை வந்து ஒரு அத்தியாயத்தை விளங்கப்படுத்த முன்வந்தால் மட்டும் வாங்கவேண்டும், இல்லாவிட்டால் தூசி பிடிக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழில் விஞ்ஞானம் என்றால் மொழிபெயர்ப்பைத் தமிழ்நாட்டில் இருந்து எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிற ஊர் அல்ல இது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூறும் சத்திரசிகிச்சையும் இரசாயனமும் தமிழ் நூல்களாக வந்தன. தமிழின் முதற் கலைக்களஞ்சியம் என்று சொல்லத்தக்க அபிதானகோசத்தை ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் இங்கே வெளியிட்டார், அபிதான சிந்தாமணிக்கு எட்டு வருடம் முன்னால். அந்தக் கை எங்கே நின்றுபோனது என்று ஒருவர் ஆராய்ந்து எழுதினால் அந்த நூலை முதலில் வாங்குகிறவன் நான்.

விபுலானந்த அடிகளின் யாழ்நூலைச் சங்கீத ரீச்சர் மிகுந்த பக்தியோடு பரிந்துரைத்தார். 1947இல் அரங்கேறியது, அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். பழந்தமிழர் யாழின் அமைப்பையும் சுரங்களின் கணக்கையும் மீட்டெடுக்கிற பெரும் உழைப்பு. இசையும் கணிதமும் பழைய இலக்கியமும் தெரிந்தவர்தான் உள்ளே போகலாம். யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்தில் இருக்கவேண்டிய நூல், எங்கள் சின்ன அலுமாரிக்கு வேண்டாம். வேண்டியவருக்கு அங்கே வாசிக்கலாம். 1981இல் 97,000 நூல்களோடு எரிந்து, பிறகு எழும்பிய நூலகம் பத்து மைலுக்குள் இருக்கும்போது எல்லாவற்றையும் நாங்களே சேர்க்கத் தேவையில்லை. பணக்காரன் ஆவது எப்படி, மனதை வெல்வது எப்படி என்ற வகையில் வந்த பரிந்துரைகளையும் நான் விட்டுவிடுகிறேன். அவை எங்கும் கிடைக்கின்றன, சொந்தக் காசில் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

சோடியும் நிபந்தனையும் இல்லாமல் தனியாக வாங்க நான் சம்மதிப்பது ஜிம் கார்பெட்டின் குமாயுன் புலிகளை மட்டும். பரிந்துரைத்தது ஓ.எல். எழுதிவிட்டு இருக்கிற ஒரு பெடியன், அதனாலேயே அதற்கு மதிப்பு. சம்பாவத்தில் 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட பெண்புலியைக் கார்பெட் 1907இல் சுட்டு வீழ்த்தினார். பிறகு அதன் வாயைத் திறந்து பார்க்கிறார். வலப்பக்கத்து வேட்டைப் பற்கள் இரண்டும் உடைந்திருக்கின்றன, கீழ்ப்பல் எலும்பு வரைக்கும். யாரோ முன்னொருநாள் சுட்ட குண்டு. அந்தக் காயத்தால் தன் வழக்கமான இரையைப் பிடிக்கமுடியாமல் போனதுதான் அது மனிதரைத் தின்னத் தொடங்கியதற்குக் காரணம் என்கிறார். புலி கொடியது என்று சொல்லி முடித்திருக்கலாம். அவர் பல்லைப் பார்த்தார். பதினாறு வயதுப் பிள்ளைக்கு "இது எப்படித் தெரியும்?" என்ற கேள்வியை இதைவிட விறுவிறுப்பாக யாரும் கற்பிக்க முடியாது. அதனால் மாஸ்ரர் சொன்ன கதவு இந்த நூலாக இருக்கட்டும், பிள்ளைகள் உள்ளே வந்தபின் மற்றச் சோடிகள் அவர்களுக்காகக் காத்திருக்கட்டும்.

ஆகவே நிர்வாகசபைக்கு நான் கொடுக்கப்போகிற வரிசை இது. குமாயுன் புலிகள் உடனே. அதோடு கார்சனும் ஃபுகுவோகாவும், மாரி தொடங்க முதல் தோட்டக்காரர் கையில் போய்ச் சேர வேண்டும். அடுத்தது இந்திரபாலா, வைபவமாலையும் விமர்சனமும் கணினியில். பிறகு சாமிநாதையரும் தாமோதரமும். முறிந்த பனைக்கும் மனவடுவுக்கும் தனியாக ஒரு கூட்டம் வைத்து ஊரவரின் சம்மதத்தோடு வாங்குவோம், அவசரப்பட வேண்டாம். பரமசிவனும் சிவத்தம்பியும் மிஞ்சுகிற காசுக்கு. சோடியில் ஒன்று கடையில் கிடைக்காவிட்டால் மற்றதையும் அந்தமுறை வாங்கக்கூடாது என்று மட்டும் தீர்மானத்தில் எழுதச் சொல்லப்போகிறேன். மாஸ்ரர் அதற்குச் சம்மதிக்கமாட்டார், கிடைக்கிறதை வாங்கிவைத்தால் மற்றது பிறகு வரும் என்பார். அந்த ஒரு வரியில்தான் இன்னும் இணக்கம் காணவேண்டியிருக்கிறது.